பேச உடம்பு எதற்கு? அசைவும் மொழியும் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மாட்டுக்கு விலை பேசும்போது தரகரும் வியாபாரியும் கையோடு கை பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பதும் அழுத்துவதும் விடுவதுமாகப் பேரம் நடக்கும். எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதில் தொகை இருக்கிறது. சுற்றிப் பத்துப் பேர் நின்றாலும் ஒருவருக்கும் விலை தெரியாது. வாயில் வருவதெல்லாம் "என்னுங்க, சரிங்களா?", "இல்லீங்க, கட்டுப்படியாகாதுங்க" என்ற அளவில்தான்.

இங்கே குரல் இல்லாமல் ஓர் எண் சொல்லப்படுகிறது, மறுக்கப்படுகிறது, வேறோர் எண் வருகிறது. ஒருவருடைய தசை அசைகிறது, இன்னொருவருடைய தோல் அதைப் புரிந்துகொள்கிறது. இதை முழு மொழி என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே தமிழ் பேசுகிற இருவர் வைத்துக்கொண்ட குறியீடு, அவ்வளவுதான். ஆனாலும் அசைவுக்கும் மொழிக்கும் என்ன உறவு என்று யோசிக்க இது நல்ல இடம்.

மொழி என்றவுடன் நமக்குச் சொல், எழுத்து, இலக்கணம், அறிவு என்றுதான் நினைவு போகிறது. உடம்பு நினைவுக்கு வருவதில்லை. மனிதப் பரிணாமத்தை ஆராய்கிறவர்களில் பலர் இப்போது வேறு விதமாகச் சொல்கிறார்கள். நம் முன்னோர் நிமிர்ந்து நடந்தார்கள். மூச்சைத் தம் விருப்பப்படி ஆளப் பழகினார்கள். கையால் நுட்பமான வேலை செய்தார்கள், ஒருவரோடு ஒருவர் தாளம் சேர்ந்து அசைந்தார்கள். இவற்றில் சில, பேச்சு வருவதற்கு மிக மிக முந்தியவை. சில அதோடு சேர்ந்தே வளர்ந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் இந்த உடல் பழக்கங்கள் இல்லாமல் மொழி இப்போதிருக்கும் வடிவில் வந்திருக்காது என்பதுதான் கருத்து. எனக்கு இது முழுக்கச் சரியாகப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பேச்சையே ஓர் உடல் வேலையாகப் பாருங்கள். "அம்மா" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் காற்றை அளந்து வெளியே விடுகின்றன. தொண்டையில் குரல்நாண்கள் அதிர்கின்றன. ஆண் குரல் என்றால் நொடிக்குச் சுமார் நூறு தடவைக்கு மேல், பெண் குரல் என்றால் சுமார் இருநூறு தடவை. வாய் திறக்கிறது, உதடு மூடுகிறது, அதே நேரத்தில் அண்ணத்தின் பின்பகுதி இறங்கி மூக்கு வழியைத் திறந்துவிடுகிறது, அப்புறம் மறுபடி உதடு பிரிகிறது. இவ்வளவும் அரை நொடிக்குள். சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு நாலைந்து அசைகளை ('அம்-மா' என்பதில் இரண்டு அசை) இப்படி உருவாக்கிக்கொண்டே போகிறோம். மனித உடம்பு செய்யும் மிக நுட்பமான அசைவுகளில் பேச்சும் ஒன்று. பேச்சு எப்படி வந்தது என்ற கேள்விக்குள் இவ்வளவு நுட்பமாக அசைய உடம்பு எப்படிக் கற்றது என்ற கேள்வியும் இருக்கிறது.

சரி, காலிலிருந்து தொடங்குவோம்.

1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த 'லூசி' என்ற எலும்புக்கூட்டுக்கு வயது சுமார் 32 லட்சம் ஆண்டுகள். இடுப்பெலும்பையும் முழங்காலையும் பார்த்தால் இரண்டு காலில் நடந்தவள் என்று தெரிகிறது. தான்சானியாவில் லேட்டோலி என்ற இடத்தில் 1978இல் மேரி லீக்கியின் குழு எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்களைக் கண்டது. அவை சுமார் 36 லட்சம் ஆண்டுகள் பழையவை. குதிகால் பதிந்து, பெருவிரல் முன்னோக்கி இருக்கும், நம் காலடியைப் போன்ற தடங்கள். லூசியின் இனத்துக்கு மூளை எவ்வளவு? சராசரியாக 450 கன சென்டிமீட்டர் அளவு. சிம்பன்சியை விடச் சற்றே அதிகம். இன்றைய மனிதருக்குச் சுமார் 1350. அதாவது, மூளை பெரிதானதால் எழுந்து நடந்தோம் என்று முன்பு பலர் நம்பியது தலைகீழ். நடை முந்தியது, பெரிய மூளை இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிந்தி வந்தது.

நடந்ததால் கை விடுபட்டது என்பது எல்லோரும் சொல்வது. மூச்சும் விடுபட்டது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடித் திருவிழாவின்போது பெரிய குதிரைச் சந்தை கூடும். அங்கே நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையைக் கவனியுங்கள். ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு, அவ்வளவுதான். முன்னங்கால் தரையில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சியை நெஞ்சுக்கூடு தாங்க வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளும் முன்னும் பின்னும் ஆடி மூச்சை இழுக்கவும் தள்ளவும் செய்யும். அதனால் ஓடும்போது மூச்சு காலோடு கட்டுண்டு கிடக்கிறது. மனிதருக்கு இந்தக் கட்டு இல்லை. டென்னிஸ் பிராம்பிள், டேவிட் கேரியர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1983இல் இதை எடுத்துக்காட்டினார்கள். ஓடும் மனிதர் இரண்டு எட்டுக்கு ஒரு மூச்சு விடலாம், மூன்றுக்கு ஒன்று விடலாம், நாலுக்கு ஒன்றும் விடலாம். முன்னங்கால் தரையில் படாததால் நெஞ்சுக்கூடு அந்த வேலையிலிருந்து தப்பித்துவிட்டது.

இதற்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா இருக்கும்போது மூச்சை இழுக்கும் நேரமும் விடும் நேரமும் கிட்டத்தட்டப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பேசும்போது சட்டென்று ஓர் இழுப்பு இழுத்து, மெதுவாக, நீளமாக விடுகிறோம். அந்த நீளமான வெளிமூச்சை வெட்டி வெட்டித்தான் சொற்களை உருவாக்குகிறோம். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன் ஓர் அருமையான வேறுபாட்டைக் கவனித்தார். சிம்பன்சி சிரிக்கும்போது மூச்சு உள்ளே போகையில் ஒரு சத்தம், வெளியே வருகையில் ஒரு சத்தம். மனிதர் ஒரே வெளிமூச்சில் 'ஹா ஹா ஹா' என்று பல துண்டுகள் போடுகிறார். நாலு காலில் நடக்கும் உடம்பிலிருந்து மூச்சு விடுதலை பெற்றதால்தான் இந்த வெட்டல் சாத்தியமாயிற்று என்பது அவருடைய கருத்து.

இதை நம் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவரைப் பாருங்கள். மூட்டையை மேலே எழுப்பும் அந்தக் கணத்தில் அவரால் பேச முடியாது. தொண்டை மூடி, நெஞ்சில் காற்று அடைபட்டு, கைக்கு உறுதியான தாங்கல் கிடைக்கிறது. மூட்டை தோளில் அமர்ந்த பிறகுதான் "வழிய விடுங்கண்ணா" என்று குரல் வரும். நாம் பாட்டுக்கும் பேச்சுக்கும் பயன்படுத்துகிற அதே குரல்வளை, உணவு மூச்சுக்குழாயில் போகாமல் தடுக்கவும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கவும் ஏற்பட்ட ஒரு கதவு. பரிணாமம் புதிதாக ஒன்றைச் செய்வது குறைவு. இருப்பதை வேறு வேலைக்கு மாற்றிக்கொள்வதே அதன் வழி.

மூச்சை ஆளும் நரம்புகள் பற்றி எலும்பிலும் ஒரு தடயம் இருக்கிறது. 1984இல் கென்யாவில் துர்கானா ஏரிப் பக்கம் கிடைத்த சிறுவனின் எலும்புக்கூடு சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையது. நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் தண்டுவடம் போகும் துளை நம்முடையதை விடக் குறுகலாக இருக்கிறது. அவனுக்கு மிகவும் பிந்தி வாழ்ந்து அழிந்துபோன நியாண்டர்தால் மனிதருக்கோ நம் அளவுக்கு அகலம். ஆகவே நெஞ்சுத் தசைகளை நுட்பமாக ஆளும் நரம்புகள் இடைப்பட்ட காலத்தில் பெருகியிருக்கலாம் என்று 1999இல் ஆன் மக்லார்னனும் க்வென் ஹூயிட்டும் எழுதினார்கள். அந்தச் சிறுவனின் முதுகெலும்பு இயல்பானதுதானா என்று ஐயப்படுகிறவர்களும் உண்டு. இதை உறுதியான சான்றாக வைக்காமல் ஒரு சாத்தியமாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கை.

தமிழ்நாட்டிலேயே அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று சாந்தி பப்புவின் குழு 2011இல் வெளியிட்டது. அப்படி ஒரு கோடரியைச் செய்யக் கண்டபடி கல்லை உடைத்தால் நடக்காது. எந்தப் பக்கம் தட்டினால் எந்தச் சில்லு பெயரும் என்று தெரிய வேண்டும். அடுத்த தட்டுக்காக இந்த விளிம்பைத் தயார் செய்ய வேண்டும், கடைசி வடிவம் மனதில் நிற்க வேண்டும். பெரிய வேலைக்குள் சிறிய வேலை, அதற்குள் இன்னும் சிறிய வேலை.

சென்னிமலையில் கைத்தறியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது உடனே புரியும். மிதியை மிதித்துப் பாவு நூல்களைப் பிரிக்க வேண்டும், ஊடு நூல் வைத்த நாடாவை ஓட்ட வேண்டும், அச்சை இழுத்து அடிக்க வேண்டும், மறு மிதி. வரிசை ஒன்று தவறினால் துணி கெட்டுவிடும். ஒரு வாக்கியத்தில் சொற்களும் இப்படித்தான் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தில், ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, கடைசி வினைச்சொல் வரும்வரை மனதில் பிடித்து வைக்கப்பட்டு. ஒப்புமை என் சொந்தக் கற்பனை மட்டுமே என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். கற்கருவி செய்யப் பழகியவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்த டீட்ரிக் ஸ்டவுட்டும் அவருடைய சகாக்களும், சிக்கலான கோடரி செய்யும்போது சுறுசுறுப்பாகும் பகுதிகளில் சில, மொழிக்குப் பயன்படும் பகுதிகளோடு ஒன்றின்மேல் ஒன்று படிவதைக் கண்டார்கள். அவற்றில் முக்கியமானது மூளையின் முன்பகுதியில் கீழே இருப்பது. 1861இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர், பேச்சை இழந்த ஒரு நோயாளியின் மூளையில் பழுதடைந்திருந்ததாகக் காட்டிய அதே வட்டாரம்.

கற்றுக்கொடுப்பதிலும் மொழிக்கு வேலை இருந்திருக்கும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 184 பேருக்குக் கல்லுடைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சிலர் செய்து முடித்த கருவிகளை மட்டும் பார்த்துச் செய்தார்கள், சிலருக்குச் செய்யும் விதத்தையே காட்டினார்கள், சிலருக்குச் சைகையால் சொல்லிக்கொடுத்தார்கள், சிலருக்கு வாயால் விளக்கினார்கள். பார்த்துச் செய்தவர்கள் அதிகம் முன்னேறவில்லை. சைகையும் பேச்சும் கிடைத்தவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். கருவி சிக்கலாகச் சிக்கலாகக் கற்பிக்கும் வழியும் வளர வேண்டியிருந்தது என்பது இதிலிருந்து எடுக்கும் ஊகம். நொய்யல் கரைக் கொடுமணலில் கிடைத்திருக்கும் கல்மணிகள் இதற்கெல்லாம் மிகவும் பிந்தியவை, இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கில்தான் வரும். ஆனால் பளிங்கிலும் சூதுபவளத்திலும் அவ்வளவு சிறிய துளையைப் போடும் கைத்திறம் தலைமுறை தாண்டி நிற்க, பக்கத்தில் உட்கார்த்திக் காட்டியும் சொல்லியும் கொடுத்த எத்தனையோ பேர் வேண்டும்.

மரபணுப் பக்கம் ஒரு செய்தி மட்டும். லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பாதிப் பேருக்குப் பேச்சில் கடும் சிக்கல். 2001இல் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டார்கள்: ஃபாக்ஸ்பி2. அதை 'மொழி மரபணு' என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. அது அப்படியல்ல. எலிக்கும் பறவைக்கும்கூட அந்த மரபணு உண்டு. அந்தக் குடும்பத்தாருக்கு முதன்மையான சிக்கல், வாயையும் முகத்தையும் வரிசையாக, விரைவாக அசைப்பதில் இருந்தது.

இப்போது சைகைக்கு வருவோம். பேசும்போது கை ஆடுவது ஏன்? எதிரில் இருப்பவர் பார்ப்பதற்காக என்று தோன்றும். பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தைகளை ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். அந்தக் குழந்தைகளும் பேசும்போது கையை அசைக்கிறார்கள். கேட்பவருக்கும் பார்வை இல்லை என்று தெரிந்தாலும் அசைக்கிறார்கள். யாரும் கையாட்டிப் பேசி அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. எண்ணம் சொல்லாகும்போதே கையிலும் வழிகிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

குழந்தையிடம் இது இன்னும் தெளிவு. ஒரு வயதை ஒட்டிச் சுட்டிக்காட்டத் தொடங்குகிறது. பிறகு ஒரு கட்டம் வருகிறது: டம்ளரில் இருக்கும் பாலைக் காட்டிக்கொண்டே "ஆத்தா" என்கிறது. ஒரு பொருள் விரலில், ஒரு பொருள் வாயில். "ஆத்தா, பால்" என்று இரண்டையும் வாயாலேயே சேர்த்துச் சொல்வது அதற்குப் பின்னால்தான். எந்தக் குழந்தை விரலையும் சொல்லையும் முதலில் இணைக்கிறதோ, அதுதான் இரு சொல் பேச்சுக்கும் முதலில் வருகிறது என்று அதே ஆய்வாளர்கள் பிறகு காட்டினார்கள். வீட்டில் சின்னக் குழந்தை விரலை நீட்டினால், "என்ன கண்ணு, பாலா வேணும்?" என்று பெரியவர்கள் கேட்பது சும்மா கொஞ்சல் மட்டுமல்ல. குழந்தை பாதி சொன்ன வாக்கியத்தை அவர்கள் முடித்துக் கொடுக்கிறார்கள்.

கை மட்டுமே முழு மொழியைத் தாங்குமா? தாங்கும். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் தறி ஓடும்போது பேச்சு காதில் விழாது; இழை அறுந்ததையும் நாடாவிலுள்ள நூல் (தார்) தீர்ந்ததையும் டீ வந்ததையும் கையாலும் முகத்தாலும் சொல்லிக்கொள்வார்கள். அது குறியீட்டு அளவில் நின்றுவிடும். நிகரகுவா நாட்டில் நடந்தது வேறு. 1970களின் பிற்பகுதியில் மனாகுவா நகரில் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அதுவரை ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டுச் சைகைகளோடு தனியாக இருந்தது. ஒன்றாகச் சேர்ந்ததும் அவர்களே ஒரு சைகைமொழியை உருவாக்கினார்கள், பின்னால் வந்த சின்னக் குழந்தைகள் அதற்கு முழு இலக்கணம் கொடுத்தார்கள். பெரியவர்கள் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இதையெல்லாம் வைத்து, மொழி முதலில் கையில்தான் பிறந்தது, குரல் பிறகு வந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். குரங்கினங்களின் சத்தங்கள் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தவை. சிம்பன்சிகள் சைகைகளை இடத்துக்குத் தக்கபடி மாற்றிப் பயன்படுத்துகின்றன. இது அந்தச் சாராருக்குச் சாதகம். எதிர்க் கேள்வி ஒன்று உண்டு: கையில் நன்றாக நடந்துகொண்டிருந்த மொழி ஏன் வாய்க்கு மாற வேண்டும்? இருட்டில் பேச, கையில் வேலை இருக்கும்போது பேச என்று விடை சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. கையும் வாயும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வந்திருக்கும் என்ற பக்கமே என் மனம் சாய்கிறது. இன்றும் அவை சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

அப்படிச் சேர்த்து வைத்தது எது? தாளம் என்று சொல்லத் தோன்றுகிறது.

வால்பாறை போகும் வழியில் ஆழியாறு பக்கம் நாட்டுக் குரங்குகள் ஒன்றை ஒன்று பார்த்து, உதட்டைச் சத்தமில்லாமல் படபடவென்று மூடித் திறப்பதைப் பார்க்கலாம். நட்பைத் தெரிவிக்கும் அசைவு அது. அவற்றின் நெருங்கிய உறவான ரீசஸ் குரங்குகளில் இதை ஆசிஃப் கசன்ஃபர் குழு எக்ஸ்ரே படம் எடுத்து ஆராய்ந்தது. நொடிக்குச் சுமார் ஐந்து தடவை அசைகிறது. மெல்லும் அசைவு இதைவிட மெதுவானது. மனிதப் பேச்சில் அசைகள் வரும் வேகமும் நொடிக்கு நாலைந்துதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? குட்டிக் குரங்கிடம் இந்த அசைவு முதலில் மெதுவாக, ஒழுங்கில்லாமல் இருந்து பிறகு சீராகிறது; நம் குழந்தையின் மழலையும் அப்படியே. முகத்தின் இந்தப் பழைய தாளத்தோடு குரல் சேர்ந்தபோது அசை பிறந்திருக்கலாம்.

தாளத்துக்கு அசைவது எல்லா உயிருக்கும் வருவதில்லை. கோயில் திருவிழாவில் துடும்பு முழங்கும்போது நிற்கிற மனிதர் அத்தனை பேரின் காலும் தானாக ஆடுகிறது. அதே இடத்தில் நிற்கும் நாயும் மாடும் தாளத்துக்கு அடி வைப்பதில்லை. ஸ்னோபால் என்ற கொண்டைக்கிளி பாட்டின் வேகத்துக்கு ஏற்ப ஆடுவதை 2009இல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். கிளி பிற சத்தங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லக் கூடியது. கேட்ட ஒலியைத் தன் தொண்டையில் உருவாக்கும் திறனுக்கும், கேட்ட தாளத்துக்கு உடம்பை அசைக்கும் திறனுக்கும் மூளையில் ஒரே அடித்தளம் இருக்கலாம் என்று அனிருத் படேல் சொல்கிறார். பேச்சைக் கற்பதற்கும் இதே திறன்தான் வேண்டும்: காதில் விழுந்ததைத் தசையில் கொண்டுவருவது. (ரோனன் என்ற கடற்சிங்கமும் தாளத்துக்குத் தலையசைக்கப் பழகியது. அதனால் இந்தக் கருத்து இன்னும் முடிந்துபோன விஷயமில்லை.)

சேர்ந்து அசைவது மனிதரைச் சேர்க்கவும் செய்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் படகோட்டும் வீரர்களைத் தனியாகவும் குழுவாகவும் ஒரே அளவு துடுப்புப் போடச் சொன்னார்கள். தனியாகச் செய்ததைவிடக் குழுவாகச் செய்த பிறகு அவர்கள் தாங்கும் வலியின் அளவு அதிகம் கூடியது. கனடாவில், 14 மாதக் குழந்தையைத் தாளத்தோடு குதிக்கவைத்து, எதிரில் ஒருவரும் அதே தாளத்தில் குதித்தால், பிறகு அவர் கையிலிருந்து பொருள் விழும்போது அந்தக் குழந்தை எடுத்துக் கொடுக்கத் துடிப்பது அதிகம் என்று கண்டார்கள். மொழிக்கு இப்படிப்பட்ட நம்பிக்கை அவசியம். நான் சொல்வதை நீ கேட்பாய், ஏமாற்ற மாட்டாய் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் சொல்லுக்கு மதிப்பில்லை.

கொங்கில் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மி பழகுகிறார்கள். இந்தக் கலைக்காக மேட்டுப்பாளையம் பக்கத்து மூத்த ஆசிரியர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் ஆடிவந்த ஆட்டத்தில் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்தவர் என்பது அவருடைய தனிச்சிறப்பு. சாயங்காலம் கோயில் மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளும் பாட்டிமார்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆசிரியர் ஓர் அடி பாடுகிறார், கால் அடி வைக்கிறது, கை தட்டுகிறது, உடம்பு திரும்புகிறது. முருகன் வள்ளி கதை முழுக்கப் புத்தகம் பார்க்காமல் அவர்கள் மனதில் ஏறிவிடுகிறது. பாட்டு வரி மறந்தாலும் கால் அடுத்த அடியை வைக்கும்போது சொல்லும் வந்துவிடும் என்று பழகியவர்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மொழிப் பாடத்தைப் பிள்ளைகளை அசையாமல் உட்காரவைத்து நடத்துவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். மொழி உடம்புக்குள் வந்த வழியை நாமே அடைக்கிறோம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அசைவுதான் மொழி என்று இதைப் புரிந்துகொண்டால் தவறு, அநீதியும்கூட. பிறவியிலிருந்து கைகால் அசைக்க முடியாத, வாய் திறந்து பேச முடியாத பலர் மொழியை முழுதாகப் புரிந்துகொள்கிறார்கள். கண்ணசைவால் இயங்கும் கருவி கிடைத்தால் தெளிவாகப் பேசவும் செய்கிறார்கள். மனித இனம் பரிணாமத்தில் நடந்து வந்த பாதை வேறு, இன்று ஒருவர் மொழியைப் பெறும் வழி வேறு. இந்த வேறுபாட்டுக்கு மூளையிலேயே சான்று இருக்கிறது. சைகைமொழி பேசுகிறவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் பக்கவாதத்தால் பழுதானால், காது கேட்பவர்கள் பேச்சை இழப்பதுபோல அவர்கள் சைகைமொழியை இழக்கிறார்கள். அவர்களில் சிலரால் பல் துலக்குவதை, தண்ணீர் குடிப்பதைக் கையால் நடித்துக் காட்ட முடிகிறது. அதே பொருளுக்கான சைகைமொழிச் சொல் மட்டும் கைக்கு வருவதில்லை. கை ஒன்றுதான், அசைவும் ஏறக்குறைய ஒன்றுதான். நடிப்பாக வரும்போது ஒரு வழியில் வருகிறது, சொல்லாக வரும்போது வேறு வழியில் வருகிறது. அந்த இரண்டாவது வழி முதலாவதிலிருந்து எப்போது, எப்படிப் பிரிந்தது என்பதைத்தான் ஆய்வாளர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.